செவிடர் சொன்ன 'பார்க்கலாம்'

கார்ப் பந்தயக்காரன் ஒருவன் பழைய அணியை விட்டுப் புதிய அணிக்குப் போனது தப்பா சரியா என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவர் அந்த வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. முடிவெட்டும் கடையில் ஒரு பதில் இருந்தது. வங்கி வரிசையில் இன்னொன்று இருந்தது. தொலைக்காட்சியில் டை கட்டிய நிபுணர் வாரத்துக்கு ஒன்று வைத்திருந்தார். வினோதம் என்னவென்றால், தப்பு என்றவர்களும் சரி என்றவர்களும் ஒரே ஆதாரத்தைத்தான் காட்டினார்கள்: ஐந்து பந்தயங்கள் ஓடியும் ஒன்றில்கூட முதல் பத்து இடத்துக்குள் அவன் வரவில்லை. "போனதே தப்பு, பாருங்க பத்துக்குள்ள இல்ல" என்றது ஒரு கட்சி. "பெரிய இடம்னா எடுத்த எடுப்புல பத்துக்குள்ள வர முடியாது, அதனாலதான் அது பெரிய இடம்" என்றது மறு கட்சி. தோல்விக்கு இப்படி ஒரு குணம் உண்டு. யார் பக்கம் கூப்பிட்டாலும் சாட்சி சொல்ல வந்துவிடும்.

இந்த விவாதத்தில் வாயே திறக்காதவர் ஒருவர் இருந்தார். அவன் விட்டுப்போன பழைய அணியின் தலைமை மெக்கானிக். தப்பு எந்த நாளில், எந்த இடத்தில், எந்தச் சொல்லில் நடந்தது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஏனென்றால் அந்தச் சொல்லைச் சொன்னவரே அவர்தான்.

பட்டறையில் அவருக்குப் பெயர் செவிடர். நேரில் 'அண்ணே', முதுகுக்குப் பின்னால் 'செவிடர்'. முதுகுக்குப் பின்னால் பேசுவது அவர் காதில் விழாது என்பதால் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டார், பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டார். வேலையைத் தட்டிக்கழிக்க அவர் போடும் நாடகம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பெயரும் அந்தக் கேலியில் வந்ததுதான். உண்மையில் முப்பது வருட எஞ்சின் இரைச்சலில் அவருடைய இடது காது முழுதாகப் போயிருந்தது, வலது காது போய்க்கொண்டிருந்தது. ஒரு உண்மையை ஒளித்துவைக்கப் பட்டப்பெயரைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஊரே செவிடர் என்று கூப்பிடும் ஆள் நிஜமாகவே செவிடராக இருப்பார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தக் காதோடு அவர் பார்த்த வேலைகளில் முக்கியமானது, ரேடியோ கேட்பது.

அணி சிறியது. பெரிய அணிகளில் ஓட்டுநரோடு பேசுவதற்கென்றே ஒரு எஞ்சினியர் இருப்பார். இங்கேயும் ஒருவர் இருந்தார், ஆனால் ஓட்டுநர் பேசுவது அவருக்குப் புரியாது. பின்னால் அணி மாறிப் போன அந்த ஓட்டுநர் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரரின் மகன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை மெதுவாக ஓட்டச் சொன்ன அப்பாவுக்கு வந்து வாய்த்த பிள்ளை. வண்டியை அவன் வண்டி என்று நினைக்கவே மாட்டான். வீட்டில் தங்கியிருக்கும் சொந்தக்காரரைப் போலத்தான் பேசுவான்.

"அண்ணே, வண்டி முறைக்குது."

எஞ்சினியர் கணினியைப் பார்ப்பார். அதில் முறைப்புக்கென்று கோடு எதுவும் கிடையாது. "என்னண்ணே சொல்றான்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செவிடரைக் கேட்பார்.

"வளைவுல மூக்கு திரும்ப மாட்டேங்குது. முன் டயர்ல காத்து ஜாஸ்தி."

'கோவிச்சுக்கிட்டுப் போகுது' என்றால் பின்பக்கம் வழுக்குகிறது. 'இருமுது' என்றால் பெட்ரோல் சீராக ஏறவில்லை. 'தனக்குத்தானே பேசிக்குது' என்றால் ஒரு சக்கரம் அதிர்கிறது. 'என்னை யாருன்னே தெரியாத மாதிரி இருக்கு' என்றால் டயர் நான்கும் தீர்ந்தன, உடனே உள்ளே கூப்பிட வேண்டும். ஏழு வருடத்தில் இப்படி ஒரு அகராதியே சேர்ந்துவிட்டது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. அது முழுதும் ஒரு செவிடரின் தலைக்குள் இருந்தது.

காது நன்றாகக் கேட்பவர் யாரும் அதைச் சேர்த்திருக்க முடியாது என்பதுதான் இதில் விசேஷம். ஹெட்செட்டில் ஒலியை முழுதாக ஏற்றி வைத்தாலும் செவிடருக்குப் பாதிதான் கேட்கும். மீதியைக் குரல் ஏறுவதிலிருந்தும் இறங்குவதிலிருந்தும் அவர் ஊகித்தாக வேண்டும். ஊகிக்க வேண்டியவன் கவனிக்கிறான். கேட்பவன் கேட்டுவிட்டுப் போகிறான். செவிடன் காதில் ஊதிய சங்கு வீண் என்பார்கள். அந்தப் பட்டறையில் சங்கு ஒழுங்காகக் கேட்டது அந்தக் காதில் மட்டும்தான்.

அகராதியில் மிகவும் கஷ்டப்பட்டுக் கற்ற சொல் ஒன்று உண்டு. ஓட்டுநர் சின்ன விஷயத்துக்குக் கத்துவான். பெரிய விஷயம் வந்தால் மரியாதைக்காரனாகிவிடுவான். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், பிரேக் எப்படி இருக்கிறது என்று எஞ்சினியர் கேட்டதற்கு, "பரவாயில்ல" என்றான். அடுத்த சுற்றிலும் "பரவாயில்ல" என்றான். அதற்கடுத்த சுற்றில் பிரேக் இல்லாமல் நேராக மணல்மேட்டில் போய் ஏறினான். உடம்பெல்லாம் மணலோடு நடந்து வந்தவனைச் செவிடர் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, பிரேக் போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனேண்ணே. ரெண்டு தடவ சொன்னேன்."

அன்றிலிருந்து அவன் 'பரவாயில்ல' என்றால் செவிடர் கேள்வி கேட்காமல் வண்டியை உள்ளே கூப்பிட்டுவிடுவார். ஐந்து வருடத்தில் நான்கு முறை கூப்பிட்டார். நான்கு முறையும் பிரேக் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு பாஷை கற்றவருக்குச் சொந்த பாஷை என்று ஒன்று உண்டா என்றால், உண்டு. அதில் சொல் ஒன்றே ஒன்று. 'பார்க்கலாம்.' அவருக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது. குணம் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அவர் மனைவி அப்படிச் சொல்வதில்லை. அந்த அம்மாள் ஒரு கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டிக் கண் பரிசோதிப்பவர். எது தெரிகிறது, எது தெரிவது போல நடிக்கப்படுகிறது என்று கண்டுபிடிப்பதே தொழில். கல்யாணமான முதல் மாதத்தில் கணவரிடம் ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டும் என்றார். "பார்க்கலாம்" என்றார் இவர். அம்மாள் சந்தோஷமாக ஜன்னலை அளவெடுத்து வைத்தார். ஒன்றரை வருடம் வெயில் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அவராகவே வாங்கி மாட்டினார். மகளுக்கு விவரம் தெரியும் வயது வந்தபோது இதை ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்: "அப்பா 'சரி'ன்னா காதுல விழலன்னு அர்த்தம். 'ம்'னா யோசிக்கிறார். 'பார்க்கலாம்'னா இல்ல. ஞாபகம் வச்சுக்கோ."

வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்த இந்த இலக்கணம் வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஓட்டுநருக்கும் தெரியாது. அவன் பேச்சைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளின் பேச்சைத் தானும் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அவன் கேட்டது பந்தயப் பருவம் முடிந்த ஒரு பிற்பகலில். பட்டறைக்குப் பின்னால் இருவரும் பெரிய தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. ஒவ்வொரு மடிப்புக்கும் எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும், மறுபடி விலக வேண்டும். அதனால் பேச்சும் தவணை தவணையாக வந்தது.

"அண்ணே, அவங்க கூப்பிடறாங்க." பெரிய போட்டியில் ஓடும் பெரிய அணியைச் சொன்னான்.

"ம். கேள்விப்பட்டேன்."

விலகினார்கள். நெருங்கினார்கள்.

"நீங்க இல்லாம நான் போக மாட்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கேன். ரேடியோவுல எங்கண்ணன் இருக்கணும்னு சொன்னேன், சரின்னுட்டாங்க."

"ம்."

"ஒரு மெடிக்கல் மட்டும் இருக்காம். கண்ணு, காது, ரத்தம். சும்மா பேருக்கு."

கண்ணைப் பற்றிக் கவலையில்லை. வீட்டிலேயே பரிசோதனை நடக்கிறது. ரத்தத்திலும் குறை கிடையாது. செவிடர் கையிலிருந்த தார்ப்பாய் முனையைப் பார்த்தார். 'வரல தம்பி' என்று சொல்ல வேண்டும். சொன்னால், 'ஏண்ணே?' என்று கேட்பான். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் வெளியே வந்தால் மறுநாளே முதலாளி காதுக்குப் போகும், இந்தப் பட்டறையிலும் ஹெட்செட்டைக் கழற்றிவைக்க வேண்டியதுதான். பொய் சொல்லலாம். ஆனால் ஏழு வருடம் அவன் குரலில் எது மெய் என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு அவனிடமே பொய் சொல்ல நாக்கு எழவில்லை. எனவே மெய்யும் சொல்லாமல் பொய்யும் சொல்லாமல், தமக்குத் தெரிந்த ஒரே வழியில்,

"பார்க்கலாம்" என்றார்.

ஓட்டுநர் முகம் மலர்ந்துவிட்டது. "அது போதும்ண்ணே!" என்று தார்ப்பாயின் கடைசி மடிப்பைத் தானே ஓடிவந்து சேர்த்தான். மறுநாள் காலையில் புதிய அணிக்குக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த பருவத்தின் சோதனை ஓட்டத்துக்கு முதல் நாள், பத்து மணிக்குப் பட்டறையில் செவிடரின் போன் அடித்தது. அடித்தது அவருக்குத் தெரியாது; சட்டைப்பையில் அதிர்ந்ததால் எடுத்தார்.

"அண்ணே, எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?"

"எங்கயும் வரலியே. பட்டறையிலதான் இருக்கேன்."

"விளையாடாதீங்க. கேட்டுல சொல்லி வச்சிருக்கேன், அண்ணன் வருவாருன்னு. மெடிக்கலக்கூட நாளைக்குத் தள்ளி வச்சிருக்காங்க. ஹெட்செட்டுல 'அண்ணன்'னு எழுதி ஒட்டியாச்சு."

செவிடர் போனோடு பட்டறைக்குப் பின்பக்கம் நடந்தார்.

"வரேன்னீங்களேண்ணே."

"பார்க்கலாம்னுதானே சொன்னேன்."

"அதாண்ணே. பார்க்கலாம்னீங்க!"

ஒரே சொல்லை இரண்டு பேரும் சாட்சிக்கு அழைத்தார்கள். சொல்லும் இரண்டு பக்கமும் சத்தியம் செய்தது.

"உங்கள நம்பித்தாண்ணே கையெழுத்துப் போட்டேன்."

செவிடருக்கு இது நன்றாகவே கேட்டது. சமீப காலத்தில் இவ்வளவு தெளிவாக எதுவும் கேட்டதில்லை. "என்ன தம்பி? லைன் சரியில்ல, சரியாக் கேக்கல" என்றார். காது கேட்காததைக் கேட்பதுபோல் இத்தனை வருடம் நடித்த மனிதர், கேட்டதைக் கேட்காததுபோல் நடித்தது அன்றுதான் முதல் தடவை. போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு அடிக்கவில்லை.

பழைய அணிக்குப் புதிதாக ஒரு ஓட்டுநர் வந்தான். நல்ல பையன், படித்தவன், எதையும் எண்ணால் சொல்வான். அதனால் பட்டறையில் அவனுக்குக் 'கணக்கு' என்று பெயர் விழுந்தது. "முன்னால இருபது குறைக்கணும், பின்னால அறுபது பர்சன்ட் சரியாயிருக்கு, எழுபதாவது மீட்டர்ல பிரேக் பிடிக்கிறேன்" என்பான். எஞ்சினியர் ஆனந்தக் கண்ணீர் விடாத குறை. செவிடருக்கு இருபது, அறுபது, எழுபது எல்லாம் வெறும் 'பது'. எண்களுக்குக் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது; ஊகிக்க அவற்றில் பிடிப்பு எதுவும் இல்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எஞ்சினியர் தலையாட்டும்போது தாமும் ஆட்டினார். வண்டி நன்றாகவே ஓடியது. அதைச் சகித்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் பெரிய போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பன்னிரண்டாவது, பதினாறாவது, பதினான்காவது என்று வந்தான். ஒளிபரப்பில் இடையிடையே ஓட்டுநர்கள் ரேடியோவில் பேசுவதையும் போடுவார்கள். ஒரு முறை அவன், "வண்டி முறைக்குது" என்றது ஊருக்கே கேட்டது. "புரியல, மறுபடி சொல்லுங்க" என்றது புதிய அணியின் எஞ்சினியர் குரல். இவன் மறுபடி சொன்னான். மறுபடியும் புரியவில்லை. வர்ணனையாளர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். முன் டயரில் காற்றைக் குறைக்கச் சொல்ல வேண்டிய ஆள், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவன் போனது தப்பு மாப்பிள்ளை" என்றார் மச்சான். மனைவியின் அண்ணன், ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் பார்க்க வருவார். தம் வீட்டிலும் தொலைக்காட்சி இருக்கிறது, ஆனால் அங்கே அபிப்பிராயம் சொல்ல இடமில்லை. "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை."

"இங்க புருஷன் யாரு அண்ணா?" என்றார் செவிடரின் மனைவி.

அம்மாள் கணவரைப் பார்த்தார். தார்ப்பாய் விவகாரம் இரண்டு நாள் முன்புதான் அவருக்குத் தெரிய வந்திருந்தது. முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைகிட்டயும் பார்க்கலாம்னா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டிருந்தார். பிறகு, "மெடிக்கல்ல காது பார்ப்பாங்கன்னுதானே?" என்றார்.

செவிடர் திடுக்கிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒன்பது வருஷமா உங்க வலது பக்கம்தான் உக்காருறேன். எதுக்குன்னு நினைச்சீங்க?"

மின்விசிறிக் காற்றுக்காக என்று நினைத்திருந்தார்.

ஆறாவது பந்தயமும் ஞாயிற்றுக்கிழமைதான், மதியம் மூன்று மணி. ஓட்டுநர் அன்று ஒன்பதாவதாக ஓடிக்கொண்டிருந்தான். அந்தப் பருவத்தில் முதல் தடவையாகப் பத்துக்குள். "இந்த ரேஸ் சரியா முடிச்சா சீட்டு தப்பிக்கும், இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கான்" என்றார் மச்சான். எட்டுச் சுற்று பாக்கி இருந்தது. அப்போது ரேடியோ ஒலித்தது. புதிய எஞ்சினியர் கேட்டார்: "பிரேக் எப்படி இருக்கு?"

பதில் வந்தது. செவிடர் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னான்?" மனைவியைக் கேட்டார். "பரவாயில்லன்னா சொன்னான்?"

"ஆமா. பரவாயில்லன்னான்."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ. அந்த எஞ்சினியர், நல்லது அப்படியே போங்கன்னாரு."

"பிரேக் போகுது" என்றார் செவிடர்.

மச்சான் சிரித்தார். "அவனே பரவாயில்லங்கிறான், உங்களுக்கு என்ன மாப்பிள்ளை கவலை?"

செவிடர் போனை எடுத்து ஓட்டுநரின் எண்ணை அழுத்தினார். அது எங்கோ ஒரு அலமாரியில், அவன் சட்டையோடும் கடிகாரத்தோடும் அதிர்ந்துகொண்டிருக்கும். மனைவி தம் போனில் அந்த அணியின் அலுவலக எண்ணைத் தேடி எடுத்தார். பதிவு செய்த குரல் வந்தது: இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும். அம்மாள் அதையும் அழுத்தினார், இதையும் அழுத்தினார். கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கணவரின் வலது காதோரம் பிடித்தார்.

"சார், இன்னைக்கு லீவு. செக்யூரிட்டி பேசறேன்."

"அய்யா, ஓட்டிக்கிட்டிருக்கானே உங்க டிரைவர், அவன் பரவாயில்லன்னு சொல்றான்!"

"ரொம்ப சந்தோஷம் சார்."

"அய்யோ, சந்தோஷம் இல்லய்யா! பரவாயில்லன்னா பிரேக் போகுதுன்னு அர்த்தம். ரேஸ் நடக்கிற இடத்துல யாருக்காவது சொல்லுங்க, உள்ள கூப்பிடச் சொல்லுங்க!"

"நீங்க யாரு சார் பேசறது?"

இந்தக் கேள்விக்குச் செவிடரிடம் பதில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் 'அண்ணன்' என்று எழுதி ஒட்டிய ஒரு ஹெட்செட் இருந்தது. அதற்கு உரியவர் என்று சொல்லியிருக்கலாம். "நான்... அவனுக்குத் தெரிஞ்சவன்" என்றார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்குப் போடுங்க சார். மேடம் வந்துடுவாங்க."

"ரெண்டாவது தடவ சொல்லிட்டான்" என்றார் மனைவி, திரையைப் பார்த்தபடி, மெதுவாக.

மூன்றாவது தடவை அவன் சொல்லவில்லை. நேர்ச்சாலை முடியும் வளைவில் வண்டி திரும்பாமல் போய், அடுக்கியிருந்த டயர் சுவரில் பாதிவரை புதைந்து நின்றது. புழுதி அடங்கச் சற்று நேரமானது. பிறகு அவன் வெளியே வந்தான். நடந்தான். ஓரத்தில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

மச்சான் அன்று வேறு அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

அணி வெளியிட்ட அறிக்கை சுருக்கமாக இருந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு. பிரேக் பற்றி இரண்டு முறை விசாரிக்கப்பட்டது, திருப்தியாக இருப்பதாக ஓட்டுநரே இரண்டு முறையும் தெரிவித்தார், ஒலிப்பதிவு இருக்கிறது. மிச்சப் பருவத்துக்கு வேறொருவர் ஓட்டுவார்.

"நீங்க ஒரு லெட்டர் எழுதுங்க" என்றார் மனைவி.

செவிடர் தாளை எடுத்து உட்கார்ந்தார். 'ஐயா, பரவாயில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். எழுதியது அத்தனையும் உண்மை. யார் படித்தாலும் எழுதியவனைச் சந்தேகிப்பார்கள். கிழித்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து போன் அதிர்ந்தது.

"அண்ணே, நல்லாருக்கீங்களா?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் செவிடருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "ஒரு உதவிண்ணே. முதலாளிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். அடுத்த வருஷத்துக்கு ஏதாவது இருக்குமான்னு. ரெண்டாவது வண்டியானாலும் சரி. நான் கேட்டா நல்லாருக்காது."

"கேக்கிறேன்" என்றார் செவிடர். 'பார்க்கலாம்' என்று வந்த நாக்கைப் பிடித்து இழுத்து, "இன்னைக்கே கேக்கிறேன்" என்றார்.

முதலாளியின் அறை மாடியில். கெட்ட மனிதரல்ல, விட்டுப்போனவன்மேல் வருத்தம் இருந்தது, வன்மம் இல்லை. பழைய வெற்றிக் கோப்பை ஒன்றில் பேனாக்கள் போட்டு வைத்திருந்தார். அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவனைப் பற்றித்தான் செவிடர் பேசினார். வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். அவன் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம், அன்று ரேடியோவில் என்ன நடந்தது எல்லாம் சொன்னார். முதலாளி இடையில் ஒரு தடவை, "அப்படியா?" என்றார். கடைசியில் மேஜை நாள்காட்டியைப் புரட்டினார்.

"கணக்குத் தம்பிக்கு ரெண்டு வருஷம் எழுதிக் குடுத்திருக்கோமே. ரெண்டாவது வண்டியும் பேசி முடிச்ச மாதிரிதான்." புரட்டிய தாளைத் திரும்ப மூடினார். "சரி, பார்க்கலாம்."

இந்தச் சொல்லை முப்பது வருடமாகச் சொல்லி வந்தவர், அது வந்து விழும் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. கேட்க இதமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. மாடிப்படியில் மூன்றாவது படிவரைக்கும் அவருக்கே நம்பிக்கை இருந்தது. நாலாவது படியில்தான் அந்தச் சொல் யாருடையது என்று நினைவு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கீழே யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை.

தார்ப்பாய் மடிக்கும் இடத்துக்குப் போய் அங்கிருந்து போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தான்.

"தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் வராததுக்குக் காரணம் இருக்கு." மூச்சை இழுத்துக்கொண்டார். "எனக்குக் காது கேக்காது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "தெரியாதாண்ணே? பட்டறையே சொல்லுமே!"

"இல்ல தம்பி, நிஜமாவே..."

"சரிண்ணே, சரி. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. நீங்க காரணம் தேடிச் சொல்ல வேண்டாம்." பழைய உரிமையில் இன்னும் கொஞ்சம் சிரித்தான். பட்டப்பெயர் கடைசி வரைக்கும் தன் வேலையைப் பார்த்தது. "முதலாளி என்ன சொன்னாரு?"

சொல்ல வேண்டியது மூன்றே எழுத்து. இல்ல. அதைச் சொல்வதற்காகத்தான் உட்காராமல் நின்றுகொண்டே போன் செய்தார். வாயைத் திறந்தார்.

"பார்க்கலாம்னாரு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று பார்க்க போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி வலது காதில் அழுத்திக்கொண்டார்.

"அப்ப இல்லைங்கிறாரு" என்றான் ஓட்டுநர்.

ஏழு வருடம் பக்கத்தில் இருந்தும் படிக்காத அகராதியை, ஒரு பக்கமே உள்ள அந்த அகராதியை, அவன் படித்து முடித்திருந்தான். செவிடர், "ம்" என்றார்.

அவன் கத்தியிருக்கலாம். அப்படிச் செஞ்சீங்க இப்படிச் செஞ்சீங்க என்று ஒரு பாட்டம் திட்டியிருக்கலாம். வண்டி முறைத்ததற்கும் இருமியதற்கும் எவ்வளவு கத்தியிருக்கிறான். செவிடர் அதற்குத்தான் காத்திருந்தார். போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பரவாயில்லண்ணே" என்றான்.